ஹெலிகாப்டர் பறந்தால்தான் காதுகுத்து

எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளைகளுக்கு ஒற்றைப்படை வயதில்தான் காது குத்த வேண்டும். என் மகளுக்கு ஒரு வயதானபோது நாள் பார்த்தார்கள்; அவளுக்குச் சளி பிடித்துக்கொண்டது. மூன்று வயதில் மறுபடி பார்த்தார்கள். அப்போது அவள் நன்றாகத்தான் இருந்தாள், ஆனால் கைபேசியில் சீழ் பிடித்த காதுகளின் படங்களைப் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒரு முறை தள்ளிப்போட்டால் இரண்டு வருடம் போய்விடும் என்பதுதான் இந்த வழக்கத்தில் உள்ள சங்கடம். இப்போது ஐந்து. இதையும் விட்டால் ஏழு. ஏழு வயதுப் பெண்ணை அமுக்கிப் பிடிக்கப் பக்கத்துத் தெருவிலிருந்தும் ஆள் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார் என் மாமியார். தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில், எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

முடிவானதை மகளிடம் சொன்னோம். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

நான் வெளியே நின்று, உள்ளே தண்ணீர் இருக்கிறதா, வாளி நிரம்பியிருக்கிறதா, சோப்பு தரையில் கிடக்கிறதா என்று வரிசையாகப் பயந்துகொண்டிருந்தேன். கணவர் கதவைத் திருகு கழற்றித் திறக்கலாமா என்று யோசித்தார். அந்த நேரம் பார்த்து என் தம்பி வந்தான். அவன் பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கன்டெய்னர் எண்களைக் கணினியில் ஏற்றும் வேலை பார்க்கிறான். மீதி நேரத்தில் ரிமோட் ஹெலிகாப்டர் விடுகிறான், அல்லது விட முயல்கிறான். கதவில் வாயை வைத்து, "நீ காது குத்திக்கினா, மாமா உன் தலைக்கு மேல ஹெலிகாப்டர் வுடுவேன்" என்றான்.

தாழ்ப்பாள் விலகியது. மகள் வெளியே வந்து ஒப்பந்தத்தைத் திருத்தினாள். முதலில் ஹெலிகாப்டர் பறக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் காது. தம்பி கை கொடுத்தான். அவள் வீட்டுப்பாடத்தை மறப்பாள், தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் மறப்பாள். யாராவது அவளுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் மறக்கவே மாட்டாள்.

அவள் தூங்கிய பிறகு நான் தம்பியிடம் ஹெலிகாப்டர் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். பிறகு, "அதுதான்க்கா, கொஞ்சம் பேஜாராகீது" என்றான்.

மறுநாள் ஞாயிறு. தண்டையார்பேட்டையிலிருந்து அதைப் பழைய போர்வையில் சுற்றி, பைக்கில் மடியோடு அணைத்தபடி திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தான். மாடிப்படியில் பார்த்த கீழ் வீட்டு அம்மா, குழந்தைக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கிறார். அவன் குளிர்ஜுரம் என்று பதில் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டான். அந்த அம்மா மாலையில் கஷாயம் கொடுத்தனுப்பினார்.

உண்மையில் அது குளிர்ஜுரம் போலத்தான் இருந்தது. ஒரு கை நீளத்துக்கு இருக்கும் அந்த ஹெலிகாப்டர் மொட்டை மாடியில் ஒரு முழம் எழும்பும். எழும்பியதும் வெடவெடவென்று நடுங்கும். வாலை இப்படியும் அப்படியும் ஆட்டும். பிறகு பயந்து உட்கார்ந்துவிடும். எனக்கு அதைப் பார்த்தவுடன் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. நானும் பெரும்பாலும் அப்படித்தான்.

என் பயம் எனக்குச் சில பழக்கங்களைக் கொடுத்திருக்கிறது. குழந்தை இருமினால், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், படுத்தாலா நின்றாலா என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் மருத்துவரிடம் போவேன். ஹெலிகாப்டரிடமும் அதே கேள்விகளைத்தான் கேட்டேன். தம்பி திருகாணிகளைத் திறந்து ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுக் காட்டினான். இறக்கைகளைச் சாய்க்கும் ஒரு வட்டத் தட்டு நடுத்தண்டில் மேலும் கீழும் போய்வரும். அதற்கும் இறக்கைக்கும் நடுவே மெல்லிய கம்பிகள்; கம்பிகளின் நுனியில் பிளாஸ்டிக் கிண்ணம், அதில் ஒரு குட்டி உலோகக் குண்டு. அந்தக் கிண்ணத்தை நகத்தால் லேசாக இழுத்தால் ஓசையே வரக் கூடாது. எங்களுடையதில் டக், டக் என்றது.

"பிளே வந்துட்சிக்கா" என்றான் தம்பி. கிண்ணம் தேய்ந்து, குண்டு உள்ளே ஆடுகிறது என்று பொருள். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவு ஆட்டம்தான். எல்லாம் சேர்ந்தால் ஜுரம்.

ஆட்டம் பார்க்கும் வேலை எனக்குப் பிடித்துப்போனது. அன்று மாலைக்குள் இட்லிக் குண்டான் மூடியின் பிடி, சிலிண்டர் வால்வு, மகளின் முன்பல் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துவிட்டேன். முன்பல்லில் பிளே இருந்தது. ஐந்து வயதில் பல் ஆடலாமா என்று ஒரு மணி நேரம் தேடிப் படித்தேன். ஆடலாமாம்.

புதுக் கிண்ணங்கள் கூரியரில் வரும்வரை வேறு சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டோம். இரண்டு இறக்கைகளையும் தாங்கும் குறுக்குக் கம்பி வளைந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. சமமான கண்ணாடியில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தம்பி சொன்னான். எங்கள் வீட்டில் சமமான கண்ணாடி என்றால் பீரோவில் பதித்ததுதான், அது நின்றுகொண்டிருந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நானும் தம்பியுமாகப் பீரோவைக் கட்டிலின் மேல் மல்லாக்கச் சாய்த்தோம். கம்பியை உருட்டினோம். உருண்டபோது கம்பிக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒரு தடவை திறந்து மூடியது. வளைந்துதான் இருந்தது. நான் சொன்னது சரியாக இருந்த அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க முடியவில்லை. ஏனென்றால் பீரோவை மறுபடி நிமிர்த்த எங்களால் ஆகவில்லை. கணவர் வந்து, கட்டிலில் பீரோ படுத்திருப்பதைப் பார்த்து, அதற்கும் ஜுரமா என்று கேட்டார்.

கிண்ணங்கள் வந்தன. புதுக் குறுக்குக் கம்பியும் வந்தது. நடுத்தண்டைத் தாங்கும் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றினால் கரகரவென்றது. கடற்காற்றில் எங்கள் ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கும், கடுகளவு உருளைகள் என்ன செய்யும். அதையும் மாற்றினான். அன்று மத்தியானம் மொட்டை மாடியில் ஹெலிகாப்டர் என் தலை உயரத்துக்கு எழும்பி, ஆணி அடித்து மாட்டியதுபோல நின்றது. மகள் கை தட்டினாள். நான் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு தட்டச் சொன்னேன்.

ஆனால் முகூர்த்தம் காலையில். காலையிலும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று அவன் மறுநாள் அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வந்தான். ஹெலிகாப்டர் எழும்பவே இல்லை. இறக்கையை விரலால் சுற்றினால் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கைபோலக் கனத்தது. வட்டத் தட்டு தண்டில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. மதியம் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் சுற்றிப் பார்த்தேன், வெண்ணெயாக வழுக்கியது. மறுநாள் காலை மறுபடி அடம். தம்பி பேட்டரி குளிரில் சுணங்குகிறது என்றான். கணவர் அது அரசு அலுவலக நேரம் பார்க்கிறது என்றார். நான் என்னென்னவோ நினைத்தேன். கோயில் காரியத்துக்கு இப்படி விளையாட்டுச் சாமானைக் கொண்டுபோவதே தப்போ என்றுகூட.

மார்கழி முடியப் போகிற ஒரு காலை. பள்ளிக்குக் கிளம்ப மகளுக்குத் தலை பின்ன வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன், வரவில்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. வழக்கம்போல வெந்நீரில் நிறுத்தி வைத்துவிட்டுச் சீப்போடு காத்திருந்தபோது எனக்குள் ஏதோ உருகத் தொடங்கியது. தம்பியைக் கைபேசியில் கூப்பிட்டு, பேரிங்குக்கு எந்த எண்ணெய் போட்டாய் என்று கேட்டேன்.

"நம்ம எண்ணெய்தான்க்கா. உன் வூட்டு பாத்ரூம்ல இருந்துச்சே, அதான்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் அந்த ஒரே பாட்டில்தான்: கதவுக் கீல், தையல் மெஷின், உதடு வெடிப்பு, பூட்டு, தலை. அந்த வரிசையில் ஒரு ஹெலிகாப்டர் சேர்ந்ததில் அவனுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றியிருக்காது. எனக்கும் அதற்கு முன்பு தோன்றியிருக்காது. அந்த வாரக் கடைசியில் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, பால்கனியில் வைத்து, மண்ணெண்ணெயில் கழுவினோம். நான் அதற்கு முன் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, விளக்கேற்ற வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லி, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அது தனிக் கதை. கடையில் வாங்கிய மெஷின் ஆயிலை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தோம். அடுத்த காலை, சூரியன் வருவதற்கு முன்பே, ஹெலிகாப்டர் பறந்தது.

அன்று இட்லி சாப்பிடும்போது கணவர் ஒன்று கேட்டார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மச்சான், புள்ளைய தாய்மாமன் மடியிலதான உக்கார வெக்கணும்?"

"ஆமா மாமா. நான்தான."

"அப்ப ரிமோட்ட எந்தக் கையில புடிப்ப?"

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது இந்தத் தெருவில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்த மாமன் கையில்தான் ரிமோட் என்பது எங்களுக்கு ஒரு மாதமாகத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்திருக்கவில்லை. முதலில் விட்டுவிட்டு வந்து உட்கார்கிறேன் என்று தம்பி சொன்னதற்கு, மாமா மடியில் உட்கார்ந்துதான் பறப்பதைப் பார்ப்பேன் என்றாள் மகள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. கணவர் விட்டால் என்ன என்று பார்த்தோம். அவர் ஒரே ஒரு தடவை விட்டதில் அது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போனது. மீதி இருந்தது நான்.

சைக்கிளே ஓட்டத் தெரியாத எனக்கு தம்பி ஹெலிகாப்டர் கற்றுக்கொடுத்தான். துடைப்பத்துக்குப் போடும் மூங்கில் கம்புகளைப் பெருக்கல் குறிபோலக் கட்டி அதன் காலில் பொருத்தி, நான்கு நுனியிலும் மகளின் பிளாஸ்டிக் பந்துகளைச் செருகினான், சாய்ந்தாலும் கவிழாது. நான் அதை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, மூச்சைப் பிடித்து நிறுத்தி, இறக்கிவிட்டு மூச்சு விடுவேன். என் மூச்சு தாங்கும் நேரம்தான் அது பறக்கும் நேரம். மகள் அதைப் பறப்பதாக ஏற்றுக்கொண்டாள். தரைக்கும் அதற்கும் நடுவே குனிந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொண்டாள்.

காதுகுத்து நாளன்று அதிகாலையே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சுற்றும் இறக்கை வெறும் பிளாஸ்டிக் அல்ல. விரலைக் கொடுத்தால் விரல் போகும். கோயில் வாசலில் சொந்தக்காரப் பிள்ளைகள் ஓடும். யாராவது நடுவில் புகுந்துவிட்டால்? கோயிலுக்கு எல்லோருக்கும் முன்னால் போய், வாசலில் பெரிய வட்டமாகக் கோலமாவு கொட்டினேன். யார் கண்ணுக்கும் தப்பாமல் தெரிய வேண்டுமே என்று பட்டையாகக் கொட்டினேன். மெல்லியதாகத் தெரிந்த இடங்களில் இன்னும் கொட்டினேன். இந்தக் கோட்டுக்கு உள்ளே யாரும் காலை வைக்கக் கூடாது என்று வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லோரும் மிக ஒழுங்காகக் கோட்டை ஒட்டியே சுற்றி நின்றார்கள்.

தம்பி பட்டுச் சட்டையில் வந்து மணையில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டான். பத்தர், நகை வேலை செய்யும் பெரியவர், தன் சிறு டப்பாவைத் திறந்து தங்கக் கம்பிகளை எடுத்து வைத்தார். மகள் அவர் கையைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஹெலிகாப்டரை வட்டத்தின் நடுவே வைத்துவிட்டு, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் தம்பியின் கண் தரைக்குப் போனது.

"அக்கா, மாவு..." என்றான்.

நான் மூச்சைப் பிடித்து விசையை ஏற்றிவிட்டிருந்தேன். பிடித்த பிறகு எனக்குக் காது கேட்காது.

ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே போகிறது என்று எனக்குப் படித்துத் தெரியும். மொட்டை மாடியில் தள்ளுவதற்கு வெறும் தூசுதான் இருந்தது. இங்கே ஒரு மூட்டைக் கோலமாவு இருந்தது. வட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது. அம்மன் மறைந்தது, பந்தல் மறைந்தது, சொந்தங்கள் மறைந்தன. அந்த வெண்மைக்குள் எங்கேயோ பந்துகள் தரையில் தட்டும் சத்தமும், பிறகு யாரோ அலறும் சத்தமும் கேட்டன. நான் மோட்டாரை நிறுத்தும் விசையைத் தள்ளி, தள்ளியபடியே நின்றேன்.

மாவு அடங்கியபோது எல்லோரும் திருநீற்றில் புரட்டி எடுத்தவர்கள்போல இருந்தார்கள். அலறியது தம்பி, மாவு மறைக்கும் முன் ஹெலிகாப்டர் பூக்கூடைப் பக்கம் சாய்ந்ததை அவன் பார்த்திருக்கிறான். மகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வலது காதில் தங்கக் கம்பி மின்னியது. எல்லோரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் பத்தர் தன் வேலையை முடித்துவிட்டிருந்தார். இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டி ஏமாற்றியிருப்பார். அவருக்கு இதுவும் ஒரு கிலுகிலுப்பை.

மகள் காதைத் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நான் ஓடினேன். அவள் அழவில்லை. கோபித்துக்கொண்டாள்.

"ஹெலிகாப்டர் பறக்கல. மாவுதான் பறந்துச்சு. இத எடுங்க."

பத்தர் புருவத்திலிருந்த மாவைத் துடைத்தார். "குத்துனத எப்டிம்மா எடுக்கறது? ஓட்டைய வாபஸ் வாங்க முடியாது" என்றார்.

இன்னொரு தடவை விடுகிறேன் என்று நான் இறக்கையைச் சுற்றிப் பார்த்தேன். புதுப் பேரிங், புதுக் கிண்ணங்கள், மெஷின் ஆயில் வைத்த ஒவ்வொரு மூட்டும் மாவை வாங்கி மென்றுகொண்டிருந்தன. இறக்கை கால் சுற்று போய் நின்றது. ஒரு காதோடு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதுதானா, அடுத்த காதுக்கு ஏழு வயது வரை காத்திருக்க வேண்டுமா, இரண்டு காதுக்கும் வேறு வேறு வயது ஆகலாமா என்று எனக்குத் தலை சுற்றியது. சாப்பாட்டுப் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

தம்பி அவளைக் கெஞ்சினான். அடுத்த ஞாயிறு நிச்சயம் பறக்கும் என்றான். அவள் கேட்டுக்கொண்டே அவனுடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீயும் குத்திக்கோ. நீ ஒன்னு, நான் ஒன்னு."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தனக்குக் குழந்தையிலேயே குத்தியாகிவிட்டது என்றான். பத்தர் உடனே அவன் காது மடலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, அது தூந்து போயிட்சி, மறுபடி குத்தலாம் என்று உதவினார். தடுப்பூசிக்கே கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடிப்பவன் அவன். மாவுக்குக் கீழே முகம் இன்னும் வெளுத்ததா என்று தெரியவில்லை. கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தான்.

"எனக்குத் தாய்மாமன் மடி வேணுமே. எங்க மாமா ஊர்லயே இல்ல."

"என் மடியில படு" என்றாள் மகள்.

சொந்தக்காரர்கள் இதை நியாயம் என்றார்கள். என் மாமியார்கூட. என் கணவர் ரிமோட்டை என் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு, "மச்சான், நேரம் போவுது" என்றார்.

தம்பி மணையை விட்டு இறங்கி, மகளை அதில் உட்கார வைத்து, அவளுடைய பட்டுப்பாவாடையில் தலையைச் சாய்த்தான். அவள் ஒரு கையால் அவன் கண்ணைப் பொத்தினாள், மற்றொரு கையால் கன்னத்தைத் தட்டினாள். பத்தர் டப்பாவிலிருந்து ஒரு செப்புக் கம்பியைத் தேடி எடுத்தார். இந்தத் தடவை மாவு இல்லை, சத்தம் இல்லை. எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள். தம்பி அழுதான். அழவில்லை என்று இன்றுவரை சொல்கிறான்.

அவன் எழுந்ததும் மகள் யாரும் கூப்பிடாமலே அவன் மடியில் ஏறி, இடது காதைப் பத்தரிடம் நீட்டினாள். இந்த முறை அவளுக்குத் தெரிந்தே குத்தினார். கோயில் மணியைத் தாண்டிக் கேட்கும்படி அழுதாள். கம்பியை முறுக்கி முடித்ததும், மூக்கை அவன் பட்டுச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனாள்.

அன்று எடுத்த படத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் எல்லோரும் வெள்ளையாக நிற்கிறோம். நடுவில் மூன்று காதுகள் மட்டும் சிவப்பு.